நான் பார்த்தால் வளையும் சால்

1

இந்த நாட்டுக்கு வந்து பதினோரு வருடம் நிறைந்த அன்று அலுவலகத்தில் கேக் வெட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். படிவம் கொடுத்தார்கள். கனடாவில் மீன் பிடிக்கப் படிவம் உண்டு, மரக்கிளை வெட்டப் படிவம் உண்டு, படிவம் தொலைந்துபோனால் அதற்கும் ஒரு படிவம் உண்டு. என் கைக்கு வந்தது பொது விசாரணையில் சாட்சி சொல்லப் போகிறவர்களுக்கானது. அதில் பதினான்காவது கேள்வி இது: "நீங்களோ உங்கள் குடும்பத்தினரோ அனுமதி பெறாத அலைபரப்பும் கருவி எதையாவது இயக்குகிறீர்களா?"

சிரித்தபடி 'இல்லை' கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டேன். எனக்கே வந்து இதைக் கேட்கிறார்களே என்ற சிரிப்பு. அனுமதி இல்லாமல் அப்படிப்பட்ட கருவியை மாட்டுகிறவர்களுக்குக் கண்டிப்பான கடிதம் எழுதுவதுதான் என் பிழைப்பில் பாதி.

மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். நான் இருப்பது சஸ்காட்சவான் மாகாணம். இந்தப் பெயரை அப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்க முயன்று இரண்டாம் வருடமே கைவிட்டேன். ஊரில் யார் கேட்டாலும் அவர் "கனடாவுக்கு அந்தாண்ட" என்று சொல்லிக்கொள்கிறார். கண்ணுக்கெட்டிய வரை கோதுமை. டிராக்டரின் ஸ்டியரிங்கை யாரும் பிடிப்பதில்லை. மேலே சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலைக் கேட்டு அது தானாகவே நேர்கோட்டில் போகும். ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்து சாண்ட்விச் தின்பார். அந்தச் சிக்னலோ மிகவும் பலவீனமானது. அதற்குப் பக்கத்து அலைவரிசையில் செல்போன் கம்பெனி ஒன்று புதிதாகக் கோபுரங்கள் நட அனுமதி கேட்டிருந்தது. காதுகுத்து வீட்டில் ரேடியோ செட் அலறும்போது பக்கத்தில் நின்று ரகசியம் பேசினால் யார் காதில் விழும்? அதைத்தான் ஆறு நிமிடத்தில் விசாரணையில் எடுத்துச் சொல்ல, நான் வேலை பார்க்கும் விவசாயிகள் சங்கம் என்னை அனுப்பத் தீர்மானித்திருந்தது.

2

என் ஊர் அரியலூர்ப் பக்கம், குன்னத்துக்குக் கிழக்கே இருக்கிறது. கரிசல் மண், வானம் பார்த்த பூமி. புரட்டாசி மழைக்கு மக்காச்சோளம், பருத்தி போடுவார்கள். அப்பா விவசாயத்தைச் சித்தப்பாக்களிடம் விட்டுவிட்டு அரியலூர் சிமெண்ட் ஆலையில் சூளைப் பிரிவில் முப்பது வருடம் ஷிப்ட் பார்த்தவர். அம்மா காலமான பிறகு தம்பி செல்வத்தோடு இருக்கிறார். ஓய்வு பெற்றும் ஆலை அவரை விட்டுப் போகவில்லை. வீட்டு மிக்சியைக்கூட 'மிஷின்' என்பார். வேலை இல்லாத மிஷின் ஓடக் கூடாது என்பது அவருடைய சட்டம். கொசுவத்தி மிஷினையும் கொசுவைக் கண்ணால் பார்த்த பிறகுதான் போடுவார்.

எங்கள் வீட்டில் சிக்னல் வராது. அப்பா என்னோடு பேச ஊர்த் தண்ணித் தொட்டி வரை நடந்துபோய்ப் படிக்கட்டில் ஏறி நிற்பார். எழுபது வயதில் இது எதற்கு என்று, போன வருடம் சிக்னலை இழுத்துப் பெருக்கித் தரும் பூஸ்டர் பெட்டி ஒன்றை ஆன்லைனில் வாங்கி அனுப்பிவைத்தேன். "ஆன்டெனாவ எங்க கட்டறதுண்ணே?" என்று செல்வம் கேட்டான். வீட்டிலேயே உயரமான இடத்தில் கட்டச் சொன்னேன். அவன் மொட்டை மாடியில் பைப் நட்டுக் கட்டினான். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறு காலையும், எனக்கு அது சனிக்கிழமை சாயங்காலம், அப்பாவின் முகம் திரை நிறைய வந்தது. பெரும்பாலும் நெற்றி மட்டும். ஆனாலும் அது அப்பாவின் நெற்றி.

இந்த வருடம் செல்வம் தன் டிராக்டருக்கு ஸ்டியரிங்கைத் தானே திருப்பும் கருவி வாங்கினான். அதற்கு நான்தான் காரணம். இங்கே எடுத்த வீடியோக்களை அனுப்பி அவன் மனதைக் கெடுத்தது நான். செயற்கைக்கோளை மட்டும் நம்பினால் டிராக்டர் ஓரிரு அடி தள்ளிப் போகும். அதனால் வீட்டில் ஒரே இடத்தில் நிற்கும் வெள்ளைக் குமிழ் ஒன்றும் வேண்டும். தான் இருக்கும் இடம் அதற்குத் துல்லியமாகத் தெரியும் என்பதால், பிழை எவ்வளவு என்று கணக்குப் போட்டு டிராக்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அது சொல்லிக்கொண்டிருக்கும் வரை டிராக்டர் இரண்டு விரற்கடை கூட விலகாது. "அந்தக் குமிழ எங்கண்ணே வைக்கறது?" என்று கேட்டான். உயரமான இடத்தில் என்று சொன்னேன்.

இரண்டு முறையும் நான் சொன்னது சரிதான். இரண்டையும் சேர்த்துத்தான் நான் யோசிக்கவில்லை. செல்வம் சிக்கனக்காரன், இருக்கிற பைப்பிலேயே குமிழையும் கட்டிவிட்டான்.

3

மழை பெய்து மண் பதம் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கொல்லையில் (எங்கள் பக்கம் வயலுக்கு அதுதான் பெயர்) வெள்ளோட்டம் வைத்தான். அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சால், அதாவது விதை போகும் கோடு, நேராக விழுந்தால் அவர்கள் நிலத்துக்கும் வாடகைக்குக் கூப்பிடுவார்கள். கோணலாக விழுந்தால் கூப்பிட மாட்டார்கள். பின்னால் களையெடுக்க மிஷினை விடும்போது கோணல் சாலில் களைக்குப் பதில் பயிர் வெட்டுப்படும் என்பது அவர்களுக்குத் தெரியும். செல்வத்துக்கு இந்தப் போகமே அந்த ஒரு காலைப் பொழுதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பெரியவன் பார்க்காமல் எப்படி என்று போனோடு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார். நான் இங்கிருந்து பார்த்தேன். செல்வம் வெள்ளைச் சட்டை போட்டு, ஸ்டியரிங்கைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். டிராக்டர் இருபதடி நேராகப் போயிற்று. பிறகு மெல்ல வலப்பக்கம் சாய்ந்தது. பிறகு இடப்பக்கம். வரப்பைத் தொடுவதற்குள் செல்வம் எட்டிப் பிடித்தான். மூன்று முறை முயன்றான். மூன்று முறையும் ஊர் சிரித்தது. அப்பா போனைக் கீழே இறக்கிவிட்டார். அரை மணி நேரம் நான் அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

அந்த வாரம் டீக்கடையில் வேறு பேச்சே இல்லையாம். ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற இடத்தில் வெடி வைப்பதால் சாட்டிலைட் அதிர்கிறது என்று ஒரு கட்சி. இன்னொரு கட்சியின் வாதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அரியலூர்ப் பக்கம் கிணறு வெட்டினால் கல்லாகிப்போன சிப்பி கிடைக்கும், ஒரு காலத்தில் இதெல்லாம் கடல் என்பது பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். சாட்டிலைட்டில் இருப்பது அந்தப் பழைய மேப், அதனால் அது டிராக்டரைப் படகு என்று நினைத்து ஓட்டுகிறது என்பது அவர்கள் முடிவு. எங்கள் அலுவலகத்தில் இதைவிட மோசமான விளக்கங்களை நான் படித்திருக்கிறேன்.

செல்வம் மனு கொடுக்கப் போனான். எந்த அலுவலகம் என்று எழுத மாட்டேன். அவனுக்கு இன்னும் அங்கே காரியம் இருக்கிறது. வாசலில் மனு எழுதித் தருபவர், "பொருள்: டிராக்டர் தானாகவே கோணலாகச் செல்வதைத் தடுத்து நிறுத்தக் கோருதல்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். உள்ளே இருந்தவர் வண்டியை ஓட்டியது யார் என்று கேட்டார். யாரும் ஓட்டவில்லை, அதுவாகப் போகிறது என்று இவன் சொன்னான்.

"யாரும் ஓட்டாத வண்டிக்கு நான் யாரு மேல நடவடிக்கை எடுக்கறது?" என்று கேட்டாராம் அவர். நியாயமான கேள்விதான். ஆனாலும் மனுவை வாங்கிக்கொண்டு ஒரு எண் கொடுத்தார். அந்தச் சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான். எனக்கும் விசாரணைக்கு ஒரு எண் கொடுத்திருந்தார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் இரண்டு நாட்டில் ஆளுக்கொரு எண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

5

திங்கட்கிழமை டிராக்டர் நேராக ஓடியது. செவ்வாய்க்கிழமையும் அம்பு மாதிரி. புதன்கிழமை, நிபுணன் ஆயிற்றே என்று நான் முன்கூட்டியே நேரம் சொல்லிவைத்து வீடியோவில் கூப்பிட்டுப் பார்த்தேன். வளைந்தது.

செல்வத்தின் மனைவி கோமதி அதிகம் பேசாதவள். அன்றைக்கு அவளே போனை வாங்கினாள்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பாக்காதப்ப நல்லாத்தான் ஓடுது. கொஞ்சம் பாக்காம இருங்க."

எனக்குப் புரியவே சிறிது நேரம் பிடித்தது. டிராக்டர் மேல் கண் பட்டிருக்கிறது. அது என் கண். முன்பக்கம் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். சொந்தத் தம்பியின் டிராக்டரைக் காப்பாற்ற, என் பார்வைக்கு எதிராகச் சூடம் சுற்றியிருந்தார்கள். நான் முதுநிலைப் பட்டம் வாங்கியது அலைவரிசைக் குறுக்கீட்டில். கோபத்தில் அவளுக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். பூமிக்கும் செயற்கைக்கோளுக்கும் நடுவே கண்ணேறுக்கு இடமே இல்லை என்று விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டு, "சரிங்க மாமா, நாளைக்கு மட்டும் பாக்காதீங்க" என்று முடித்தாள்.

மறுநாள் இவர்களுக்குப் பாடம் கற்பிப்பதாக நினைத்து நான் திரைப்பக்கமே போகவில்லை. என் மகள் யாழினியிடம் போனைக் கொடுத்தேன். பன்னிரண்டு வயது. அவள் தாத்தாவிடம் வாரத்துக்கு ஒன்றரை நிமிடம் பேசுவாள்: "ஹாய் தாத்தா, சாப்டீங்களா, ஓகே பை." அந்த மூன்று வாக்கியத்துக்குள் தமிழ் வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வருவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அன்றைக்குச் சித்தப்பா கையை விட்டு வண்டி ஓட்டுகிறார் என்றதும் உட்கார்ந்துவிட்டாள். வண்டி சூடாகாதா என்று ஏதோ கேட்டாள். அப்பா சூட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சூட்டைப் பற்றிக் கேட்டால் அவர் சூளைக்குப் போகாமல் இருப்பாரா? கல்லை எப்படிப் பொடித்துக் கொட்டுவது, உள்ளே எரிவதைக் கறுப்புக் கண்ணாடி வழியாக எப்படிப் பார்ப்பது, ஒரு தடவை நின்றுபோனால் மறுபடி சூடேற்றுவது என்ன பாடு என்று விரிந்துகொண்டே போயிற்று. இவளும் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டிக் கேள்வி கேட்டாள். நாற்பது நிமிடம். நான் சமையலறையில் பாத்திரம் துலக்கியபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். இந்தப் பதினோரு வருடத்தில் எனக்கு இவ்வளவு சந்தோஷமான நேரம் அதிகம் வாய்த்ததில்லை.

அண்ணன் பார்க்கவில்லை, குழந்தைதான் பேசுகிறது, குழந்தைக் கண்ணுக்குத் தோஷம் கிடையாது என்ற தைரியத்தில் செல்வம் அந்த நாற்பது நிமிடமும் திரும்பிப் பார்க்காமல் விதைத்துக்கொண்டே போனான். வேலை முடிந்து இறங்கிப் பார்த்தவன் கொல்லை நடுவிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டானாம். அத்தனை சாலும் ஆற்றங்கரை மாதிரி வளைந்திருந்தன.

6

கோமதியின் சித்தாந்தம் உடைந்துபோனது. எனக்கு அதில் மகிழ்ச்சியில்லை, என்னுடைய கையிலும் வேறு சித்தாந்தம் இல்லை. ஞாயிறிலிருந்து எப்போது நேராக ஓடியது, எப்போது வளைந்தது என்று மணி வாரியாக எழுதி அனுப்பச் சொன்னேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி அனுப்பினான். சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாழினி என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இது உங்க கால் லிஸ்ட்."

என் போனை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஊர் நேரத்துக்கு மாற்றிப் பார்த்தால் ஞாயிறு, புதன், வியாழன். ஆரம்பித்த நேரமும் முடித்த நேரமும் நிமிடம் பிசகவில்லை. டிராக்டர் கெட்டுப்போன நேரமெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம்.

உடனே செல்வத்துக்குத் தகவல் அனுப்பி, அப்பாவைத் தண்ணித் தொட்டிக்குப் போகச் சொல்லிச் சாதாரணப் போன் போட்டேன். படிக்கட்டில் நின்று எடுத்தார். என்னோடு வீடியோவில் பேசுவதற்கு முன்னால் என்ன செய்வார் என்று கேட்டேன்.

"என்னா செய்வேன்? சட்ட போட்டுக்குவேன். நீ அனுப்புன பொட்டிக்கு சுவிட்ச போடுவேன்."

மற்ற நேரத்தில் அந்தப் பெட்டி ஓடுமா?

"எதுக்குடா ஓடணும்? நீ பேசறப்ப மட்டுந்தான் போடுவேன். முடிஞ்சதும் அமத்திட்டு துண்டப் போட்டு மூடிடுவேன். வேல இல்லாத மிஷினு ஓடலாமா?"

மலிவான பூஸ்டர் பெட்டி. தான் போட்ட சத்தத்தையே திரும்ப வாங்கி, மைக்கும் ஸ்பீக்கரும் முகத்துக்கு முகம் வைத்தால் ஊளையிடுவது மாதிரி வானத்தில் ஊளையிட்டிருக்கிறது. அதே பைப்பில் ஒரு முழம் தள்ளி, செயற்கைக்கோளின் ரகசியத்தைக் கேட்க முடியாமல் செல்வத்தின் வெள்ளைக் குமிழ். அப்படிப்பட்ட பெட்டியை அனுமதி இல்லாமல் மாட்டக் கூடாது என்று அங்கேயும் சட்டம் இருக்கிறது. இங்கே யாராவது மாட்டினால் நான்தான் கடிதம் எழுதுவேன். எங்கள் வீட்டில் வாங்கிக் கொடுத்தது நான், மாட்டும் இடத்தைச் சொன்னது நான், சுவிட்சைப் போட வைத்ததும் நான். என் கண்தான் பட்டது என்று கோமதி சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் "பரவாயில்லீங்க மாமா" என்றாள். பூசணிக்காய் உடைத்ததைப் பற்றி நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள் போலிருக்கிறது. சொல்லவில்லை.

7

அப்பாவிடம் உடனே உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அசிங்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன். வேலைக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பெட்டியைக் காப்பாற்ற வழி தேடினேன். குமிழை வேறு பைப்புக்கு மாற்றலாமா, பெட்டியை மாட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோகலாமா என்று மனதிலேயே படம் போட்டேன். அடுத்தவர் வீடாக இருந்தால் ஒரே வரியில் 'உடனே அகற்றவும்' என்று எழுதியிருப்பேன். நாற்பது நிமிடம் யாழினியும் தாத்தாவும் பேசிய அந்தச் சத்தம் காதிலேயே இருந்தது. பெட்டி போனால் அதுவும் போகும்.

இதற்கிடையில் ஊரில் வெயில் அடித்தது. மழை ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று நாளுக்குத்தான் விதைக்கலாம் என்று செல்வம் சொன்னான். சிரித்தவர்களில் இரண்டு பேர், திங்கட்கிழமை ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, சரியாக ஓடினால் எங்கள் கொல்லைக்கும் வா என்று சொல்லியிருந்தார்களாம்.

வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டேன். பெட்டிதான் காரணம், அதைக் கழற்ற வேண்டும், கொஞ்சம் பொறுத்தால் வேறு ஏற்பாடு செய்கிறேன் என்று இழுத்தேன். பிறகு அப்பா ஷிப்ட் முடிந்தவர் குரலில் பேசினார்.

"செல்வம் அத நேத்தே கழட்டிட்டான். நான்தான் கழட்டச் சொன்னேன். நீ சுவிட்சப் பத்திக் கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. முப்பது வருசம் மிஷினோட இருந்தவன்டா நான்."

அப்புறம் முகம் எப்படிப் பார்ப்பது என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டேன்.

"உன் மூஞ்சி எங்கயும் போயிடாதுடா பெரியவனே. ஈரம் போயிடும்."

8

விசாரணைக்கு முன்னால் பதினான்காவது கேள்விக்கு 'ஆம்' என்று திருத்தம் கொடுத்தேன். விவரம் எழுத ஒரே ஒரு கோடு விட்டிருந்தார்கள். 'என் அப்பா, இந்தியா, இப்போது இல்லை' என்று எழுதினேன். படித்த அதிகாரி எழுந்து வந்து என் கையைப் பிடித்து ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார். அப்பா இருக்கிறார், பெட்டிதான் இல்லை என்று புரியவைக்க, ஆறு நிமிடச் சாட்சியத்துக்கு ஆனதைவிட அதிக நேரமானது.

செல்போன் கம்பெனியின் வழக்கறிஞர் ஒரு பெண்மணி, நன்றாகப் பேசினார். தொலைவில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் பெற்றோரின் முகத்தைப் பார்க்க வேண்டாமா என்று கேட்டார். என்னிடம் தயாராக இருந்த பதிலை மடித்து வைத்துவிட்டு, எங்கள் வீட்டு மாடியைப் பற்றிச் சொன்னேன். முகமும் வேண்டும், சாலும் நேராக வேண்டும், இரண்டையும் ஒரே பைப்பில் கட்டாதீர்கள், நடுவில் இடைவெளி விடுங்கள் என்று முடித்தேன். விசாரணைத் தலைவர் குறித்துக்கொண்டார். முடிவு இன்னும் வரவில்லை. சொன்னதையெல்லாம் எழுத்தில் கொடுக்கச் சொல்லிப் புதிய படிவம் மட்டும் வந்திருக்கிறது.

9

செல்வம் எல்லோருடைய கொல்லையையும் ஈரம் போவதற்குள் முடித்துவிட்டான். அப்பா இப்போது ஞாயிறு காலையில் தண்ணித் தொட்டிப் படிக்கட்டிலிருந்து பேசுகிறார், குரல் மட்டும். பழைய வழக்கப்படி சட்டை போட்டுக்கொண்டுதான் போகிறாராம். யாழினியின் நேரம் ஒன்றரை நிமிடத்திலிருந்து ஆறு ஏழு நிமிடமாகியிருக்கிறது. போன வாரம் சூளைக்குக் கறுப்புக் கண்ணாடி எங்கே வாங்குவார்கள் என்று கேட்டாள்.

நேற்று செல்வம் மாடியிலிருந்து எடுத்த படம் ஒன்றை அனுப்பினான். மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. பெரும்பாலும் நூல் பிடித்த மாதிரி நேர் சால். நடுநடுவே வளைவுகள். ஒரு மூலையில் ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்த மூன்று சின்ன வளைவு. அதற்கு அந்தப்பக்கம் புதன்கிழமை. வரப்போரம் முழுக்க வியாழக்கிழமையின் பெரிய வளைவு, கொல்லையில் கால்வாசிக்கு. எங்கள் பேச்சையெல்லாம் பச்சையாக எழுதி வைத்த மாதிரி இருந்தது.

அந்த வளைந்த பகுதியை அழித்துவிட்டுத் தட்டைப்பயறு போடலாமே என்று கேட்டேன். களை மிஷின் உள்ளே நுழைய முடியாது, வீண் வேலை.

"நான் சொல்லிப் பாத்துட்டேண்ணே. அப்பா மிஷின உள்ளயே விட மாட்டேங்கறாரு. காலைல ஒரு களைக்கொத்த எடுத்துக்கிட்டு அவரே போயி அந்தச் சாலுக்கு மட்டும் களை வெட்டறாரு. யாரு வந்து கேட்டாலும், 'இது எம் பேத்தி பேசுனது'ங்கறாரு."